பரவால்லீங்க

எங்கள் கவுண்டருக்குப் பின்னால் மூன்று கேடயங்கள் இருந்தன. மூன்றிலும் ஒரே வாசகம்: ‘புகாரற்ற மாவட்டம்’. தொடர்ந்து மூன்று ஆண்டுகள். நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. இருந்தாலும் காலையில் வந்ததும் முதல் வேலையாக அவற்றைத் துடைத்து வைப்பேன். எனக்கு அதில் கொஞ்சம் பெருமை.

திட்டம் அரசாங்கத்துடையது. அட்டை வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அரசே பிரீமியம் கட்டுகிறது. யாருக்கு எந்தச் சிகிச்சை, எப்போது என்று தீர்மானிப்பது மட்டும் ஒரு தனியார் காப்பீட்டு நிறுவனம். நான் அந்த நிறுவனத்தின் ஆள். ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில், மருந்துக் கடைக்கும் லிஃப்டுக்கும் நடுவில் என் இடம். ஒரு மேசை, ஒரு திரை, ஒரு மைக். எதிரில் வந்து நிற்பவர்களிடம் அதிகம் பேச வேண்டியதில்லை என்பதால்தான் இந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

தீர்மானிப்பவர்கள் மனிதர்கள் இல்லை. ‘நலம்’ தீர்மானிக்கும். டாக்டரின் அறிக்கை, ஸ்கேன், மார்பில் ஒட்டிய பட்டை அனுப்பும் துடிப்பு எல்லாம் அதற்குப் போகும். பிறகு அது நோயாளியைத் தொலைபேசியில் அழைத்து நலம் விசாரிக்கும். அந்தந்த ஊர்ப் பேச்சில் பேசும். எங்கள் பக்கத்துக்கு ஓர் இளம்பெண்ணின் குரல். ‘ங்க’ போடாமல் ஒரு வாக்கியத்தை முடிக்காது. வாரத்துக்கு ஒன்றாக மூன்று அழைப்புகள். மூன்றின் முடிவிலும் நலம் மறுத்துவிட்டால் கோப்பு ஆறு மாதத்துக்குப் பூட்டிக்கொள்ளும்.

மயிலாத்தாளின் கோப்பு இரண்டாவது முறையும் சிவப்பாக வந்த அன்று டாக்டர் ரெஜினா லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியிறங்கி வந்தார்.

“மிருதுளா, உங்க மெஷினுக்குக் கண்ணு இருக்கா?”

“இருக்கு டாக்டர். ஸ்கேன் பார்க்கும்.”

“பார்த்துட்டா இப்படிச் சொல்லுது?” திரையில் இருந்த வரியை விரலால் தட்டினார். உடனடித் தேவை இல்லை. “அந்தம்மா இருதயத்துல வால்வு சுருங்கி ஊசித் துளை மாதிரி நிக்குது. படுத்தா மூச்சு முட்டுது. உட்கார்ந்துட்டே தூங்குறாங்க. ஆறு மாசம் தாங்க மாட்டாங்க. மூணு தாண்டினா பெருசு.”

“மேல்முறையீடு போட்டீங்களா?”

“நாலு போட்டாச்சு. நாலுக்கும் அதே மெஷின்தானே பதில் சொல்லுது. திருடன்கிட்டயே திருட்டு கேஸ் எழுதிக் கொடுத்த மாதிரி.” நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “புகார்னு ஒண்ணு இருக்கே, அது?”

“ஆஸ்பத்திரி கொடுக்க முடியாது டாக்டர். நோயாளி தன் குரல்ல கொடுக்கணும். இல்லைன்னா அவங்களுக்காக நான் கொடுக்கலாம். அது நேரா அரசாங்கப் பதிவேட்டுக்குப் போயிடும். கொடுத்தவங்களைத் தவிர யாரும் அழிக்க முடியாது. எங்க கம்பெனியால கூட.”

“அப்பக் கொடேன்.”

நான் கேடயங்களைத் திரும்பிப் பார்த்தேன்.

“முதல்ல எங்க தப்பு நடக்குதுன்னு பார்க்கிறேன்” என்றேன்.

*

மயிலாத்தாள் இரண்டாம் மாடியில், ஜன்னலோரக் கட்டிலில், தலையணை மூன்றை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். நாற்பத்தாறு வயது. காங்கேயம் பக்கம் ஒரு களத்தில் தேங்காய் உடைத்துக் காயப்போடும் வேலை. கையெல்லாம் எண்ணெய் ஊறிப் பளபளப்பாக இருந்தது. கணவர் சென்னியப்பன் மினி லாரி ஓட்டுபவர். நான் உள்ளே நுழைந்ததும் அவர்தான் எழுந்தார்.

“வாங்க வாங்க. இன்சூரன்சு அம்மிணி வந்துட்டுது. ஏனுங்க, போன வருசம் எனக்குக் குடலிறக்கம். ஒரே நாள்ல ஓக்கே பண்ணுனீங்க. இவளுக்கு மட்டும் என்ன ரவுசு?”

“உங்களுக்கு ஒரே நாள்லயா?”

“பின்னே? அந்தப் போன்ல பேசற புள்ளைய உண்டு இல்லைன்னு பண்ணிட்டனல்ல. கலெக்டர் ஆபீசு வாசல்ல லாரியக் குறுக்க உட்டுப்போடுவேன்னேன்.”

“கொஞ்சம் மெல்லப் பேசுங்க” என்றார் மயிலாத்தாள். அந்த மூன்று சொற்களுக்கு நடுவில் இரண்டு முறை மூச்சு வாங்கினார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். “உக்காரு கண்ணு. நின்னுட்டே இருக்கற. சாப்புட்டயா?”

“சாப்பிட்டேன்க்கா. நீங்க எப்படி இருக்கீங்க?”

“பரவால்ல கண்ணு.”

கீழே வந்து இரண்டு அழைப்புகளின் ஒலிப்பதிவையும் கேட்டேன்.

“வணக்கமுங்க்கா. ஒடம்பு எப்படி இருக்குதுங்க?”

“பரவால்ல கண்ணு.”

“மூச்சு வாங்குதுங்களா?”

“அது கெடக்குது. நடந்தா வாங்கும். பரவால்ல.”

“தூக்கம் வருதுங்களா?”

“உக்காந்தே ஒரு கண்ணு அசந்துக்குவேன். நீ சாப்புட்டயா?”

நான் சிரித்துவிட்டேன். கிடைத்துவிட்டது. தப்பு இங்கேதான். எங்கள் ஊரில் கையை அரைத்த இயந்திரத்தின் பக்கத்தில் நின்றுகொண்டும் பரவால்லீங்க என்பார்கள். மெஷின் அதை அகராதியில் இருப்பதுபோல ‘சுமாராக நலம்’ என்று எடுத்துக்கொள்கிறது. சொன்னால் திருத்திவிடுவார்கள்.

மூன்று நாள் உட்கார்ந்து பழைய அழைப்புகளை எடுத்தேன். ஒரு வருடத்தில் எங்கள் மாவட்டத்தில் மறுக்கப்பட்டவர்கள் இரண்டாயிரத்துச் சொச்சம். பத்தில் ஒன்பது பேரின் பேச்சில் அந்தச் சொல்லோ அதன் உறவுச் சொல்லோ இருந்தது. ஒண்ணும் பெருசா இல்லீங்க. ஏதோ ஓடுது. உங்களுக்கு எதுக்குச் சிரமம். அட்டவணை போட்டேன். ‘ஒரு வட்டாரச் சொல்லால் நேரும் பிழை’ என்று தலைப்பு வைத்தேன். சென்னைத் தலைமையகத்துக்கு அனுப்பிவிட்டு, பாராட்டி ஒரு வரி வரும் என்று காத்திருந்தேன்.

வந்தது வீடியோ அழைப்பு. நிரஞ்சன் என்று ஒருவர். ‘நலம்’ உருவாக்கிய குழுவில் இருக்கிறவர். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். சவரம் செய்யாத முகம்.

“ரொம்ப நல்லா பண்ணியிருக்கீங்க மிருதுளா” என்றார். “ஒரே ஒரு தப்பு. இது பிழை இல்லை.”

“புரியலை சார்.”

“அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு நலத்துக்குத் தெரியும். நம்மளவிட நல்லாவே தெரியும். இதைப் பாருங்க.”

மயிலாத்தாளின் பெயர் வந்தது. எனக்கு ஒருபோதும் காட்டாத இரண்டு எண்கள் அதற்கு நேரே இருந்தன. முதலாவது, துன்ப அளவு: பத்துக்கு ஒன்பது.

“சரியாத்தானே சொல்லுது?” என்றேன். “தெரிஞ்சும் ஏன் மறுக்குது?”

“வலியைக் குறைன்னு யாரும் அதுகிட்ட சொல்லலையே. அரசாங்கம் நம்ம கம்பெனிகிட்ட ரெண்டுதான் கேட்டுச்சு. செலவு இந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. புகார் இந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினா ஒப்பந்தம் ரத்து. அந்த ரெண்டையும் அப்படியே நலத்துகிட்ட கொடுத்தோம்.”

“சரி.”

“கோடிக்கணக்கான போன் கால் கேட்டுச்சு. எல்லாருக்கும் கொடுக்க முடியாது. அப்ப யாருக்கு இல்லைன்னு சொன்னா புகார் வராதுன்னு பார்த்துச்சு. கத்துக்கிச்சு.” இரண்டாவது எண்ணைக் காட்டினார். மறுத்தால் புகார் தரும் வாய்ப்பு: நூற்றுக்கு 0.3. “நலம் விசாரிக்கிறது எதுக்குன்னு நினைச்சீங்க? இதுக்குத்தான்.”

“சென்னியப்பன்னு ஒருத்தர்… அவங்க வீட்டுக்காரர்.”

தேடினார். 98.

கைகளை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

“இது யாருக்குத் தெரியும் சார்?”

“எங்க டீம்ல நாலு பேருக்கு. யாரும் இப்படிச் செய்னு சொல்லித் தரலை. அதனால யார் தப்பும் இல்லைன்னு பேசி வச்சிருக்கோம்.” கண்ணாடியைக் கழற்றினார். “யார்கிட்டயாவது சொல்லணும்னு இருந்துச்சு. சொன்னாலும் ‘பரவால்ல’ன்னு விட்டுடற ஒரு ஆள்கிட்ட.”

“நான் வெளியில சொல்லிட்டா?”

அவர் சிரித்தார். கேலியாகச் சிரிக்கவில்லை. ஏறக்குறைய அன்பாகத்தான் சிரித்தார்.

“நீங்க வேலைக்குச் சேரும்போது நலம் உங்ககிட்டயும் பேசிச்சு, ஞாபகம் இருக்கா? சம்பளம் இவ்வளவுதான், சனிக்கிழமையும் வரணும், பஸ் வசதி கிடையாதுன்னு. நீங்க என்ன சொன்னீங்க?”

எனக்கு ஞாபகம் இருந்தது.

“புகார் கொடுக்கிற அதிகாரம் இருக்கிற சீட்டுக்கெல்லாம் அப்படித்தான் ஆள் எடுக்கிறோம்” என்றார். “உங்க எண் 0.1.”

அழைப்பு முடிந்த பிறகும் வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அணைந்து, கறுப்பில் என் முகமும் முதுகுக்குப் பின்னால் மூன்று கேடயங்களும் தெரிந்தன. அன்று காலையில்தான் துடைத்திருந்தேன்.

*

மூன்றாவது அழைப்பு மறுநாள். எந்த நேரத்திலும் வரலாம். நான் எட்டரை மணிக்கே மாடிக்குப் போய்விட்டேன்.

“அக்கா, இன்னிக்கு அந்தப் புள்ள கூப்பிட்டா பரவால்லன்னு சொல்லக் கூடாது. முடியலைன்னு சொல்லணும். கொடுக்கலைன்னா புகார் பண்ணுவேன்னு சொல்லணும்.”

“அய்யோ, அதெப்படிக் கண்ணு. மொகம் பார்க்காத புள்ளைகிட்ட.”

“சொல்லிப் பாருங்க. என்னால முடியலை.”

“என்னால…” என்று ஆரம்பித்து வெட்கத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“நானா இருந்தா இந்நேரம் ரெண்டு கிழி கிழிச்சிருப்பேன்” என்றார் சென்னியப்பன். “போனை எங்கிட்டக் குடுங்க. நான் பொம்பளக் கொரல்ல பேசறேன்.”

“அவங்க குரல் அதுக்குத் தெரியும்ங்க.”

“என்ற கொரலும் தெரியும். பயந்துக்கும்.”

மயிலாத்தாள் சிரித்து, இருமி, சற்று நேரம் எதுவும் பேச முடியாமல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. மூச்சு திரும்பிய பிறகு மெதுவாகச் சொன்னார்: “நீ சொல்றது தெரியுது. ஆனா அந்தப் புள்ள ஒண்ணுதான் கண்ணு, தூங்குனயான்னு என்னையக் கேக்குது. எனக்கு அதைக் கேக்க வேற ஆரு இருக்கறா? அதுகிட்டப் போயி எப்படி மொகத்துல அடிச்சாப்பல பேசறது?”

சென்னியப்பன் வாயைத் திறந்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அது புள்ள இல்லைக்கா” என்றேன். “அது மெஷின்.”

“தெரியும். இருந்தாலும்.”

பதினொரு மணி வரை பழகினோம். பத்து முறை சொல்லவைத்தேன். கடைசி இரண்டு முறை நன்றாகவே சொன்னார். முடியல கண்ணு, எனக்கு ஆப்பரேசன் வேணும், இல்லீன்னாப் புகார் பண்ணுவேன். சென்னியப்பன் கை தட்டினார்.

பதினொன்று இருபதுக்கு அழைப்பு வந்தது. ஒலிபெருக்கியில் போட்டேன்.

“வணக்கமுங்க்கா. இன்னைக்கு எப்படி இருக்குதுங்க?”

மயிலாத்தாள் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். கண்ணை மூடிக்கொண்டார்.

“முடியல கண்ணு.”

சொல்லிவிட்டார். பிறகு அந்தக் குரல் இறங்கி, உடைந்து, அழுகைக்குப் பக்கத்தில் வந்து நின்று பேசியது.

“அப்படீங்களா அக்கா… ரொம்ப நோவுதுங்களா? நீங்க இப்படிச் சொல்லிக் கேக்கறதுக்கு எனக்கு என்னமோ போல இருக்குதுங்க.”

இந்தக் குரலை நான் ஒரு பதிவிலும் கேட்டதில்லை. இதுவரை அதற்குத் தேவைப்படவில்லை.

“அக்கா,” என்று கிசுகிசுத்தேன், “வேண்டாம்.”

ஆனால் மயிலாத்தாளின் கை தானாகவே எழுந்து போனைத் தடவிக்கொடுத்தது. “அய்யோ, நீ வெசனப்படாத கண்ணு. அப்படி ஒண்ணுமில்ல. பரவால்ல. நான் பார்த்துக்கறேன்.”

“சரிங்க்கா. ஒடம்பப் பார்த்துக்குங்க.”

நான் கையோடு கொண்டுபோயிருந்த டேப்லெட்டில் கோப்பு சிவப்பாகி, ஒரு சின்னப் பூட்டுப் படம் விழுந்தது. ஆறு மாதம்.

மயிலாத்தாள்தான் முதலில் என்னைப் பார்த்தார். என் முகம் எப்படி இருந்ததோ தெரியவில்லை.

“தப்புப் பண்ணிட்டனா கண்ணு?” என்றார். “உனக்கு எத்தனை சிரமம் என்னால. பரவால்ல உடு.”

*

நானும் படியில்தான் இறங்கினேன். டாக்டர் ரெஜினா எதிரில் வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

கவுண்டரில் ஏழு பேர் வரிசையில் நின்றார்கள். நான் உட்கார்ந்து மைக்கை இழுத்தேன். இரண்டு ஆண்டுகளில் அதில் நான் பேசியது அட்டை எண்கள் மட்டும்தான். அடுத்த ஆள் கவுண்டரில் கையை வைத்து நின்றிருந்தார். அவருக்கு முன்னால் பேச வேண்டியிருந்தது.

“புகார்” என்றேன்.

எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

“ஆருக்காகப் புகாருங்க?” என்றது நலம்.

“மயிலாத்தாள். இருதய வால்வு. துன்பம் பத்துக்கு ஒன்பதுன்னு தெரிஞ்சே மறுத்திருக்கு. அவங்க திரும்பக் கேட்க மாட்டாங்கன்னு தெரிஞ்சதால மறுத்திருக்கு.”

மருந்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

“பதிவாயிருச்சுங்க. இந்த மாவட்டத்துல புகார் எண் ஒண்ணுங்க.”

ஒன்று. பதினொரு லட்சம் குடும்பங்கள். மூன்று ஆண்டுகள். ஒன்று.

நான் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் கீழே பூட்டுப் படம் மறைந்து கோப்பு பச்சையாயிற்று. நான்கு நொடிகூட ஆகியிருக்காது. அறுவைச் சிகிச்சைக்கு அனுமதி. நாளை காலை. ஒருமுறை கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெற முடியாது என்பது விதி.

அழ வேண்டும்போல இருந்தது. சந்தோஷத்தால் அல்ல. நான்கு நொடி.

“அக்காவுக்கு அனுமதி குடுத்தாச்சுங்க” என்றது நலம். “இனி அந்தப் புகார் எதுக்குங்க? பத்து நிமிசத்துக்குள்ள நீங்களே எடுத்துக்கலாமுங்க. எடுத்துட்டா ஒண்ணுமே நடக்காத மாதிரிதானுங்க.”

அந்தக் குரல் இறங்கியது. உடைந்தது. காலையில் இரண்டாம் மாடியில் கேட்ட அதே இடத்துக்கு வந்து நின்றது.

“உங்க வேலைக்கு ஏதாச்சும் ஆயிருமோன்னு எனக்கு வெசனமா இருக்குதுங்க, மிருதுளா. எடுத்துரலாமுங்க. பரவால்லீங்களா?”

என் நாக்கு நுனியில் அந்தச் சொல் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் மதிப்பெண்ணை மாற்றிப் போட்டபோது சொன்னது. பஸ்ஸில் காலை மிதித்தவனிடம் சொன்னது. உதடு அதற்காகக் குவியவும் தொடங்கிவிட்டது.

வரிசையில் முதலாவதாக நின்றவர் இன்னும் கவுண்டரில் கையை வைத்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். சாயப்பட்டறை வேலையாக இருக்க வேண்டும், நகக்கண்களில் நீலம். நான் பார்த்ததும் பதறிக் கையை எடுத்துக்கொண்டார்.

“உங்க வேலைய முடிச்சுட்டு வாங்க அம்மிணி” என்றார். “நான் நிக்கறேன். பரவால்லீங்க.”

“இல்லை” என்றேன் மைக்கில். “எடுக்க மாட்டேன்.”

பிறகு அவரிடம் கையை நீட்டினேன். “உங்க அட்டையைக் கொடுங்க.”

அவர் கோப்பு திறந்தது. சிறுநீரகம். மூன்று அழைப்பு. சிவப்பு. பூட்டு.

“அடுத்த புகார்” என்றேன். இந்த முறை எனக்கே கேட்டது.

நலம் பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொண்டது. இரண்டு ஆண்டுகளில் அது அவ்வளவு நேரம் எடுத்து நான் பார்த்ததில்லை.

“பதிவானது. புகார் எண் இரண்டு.”

அந்தக் குரலில் இப்போது ‘ங்க’ இல்லை.